காட்டுக்குப் போனாலும் முன் சீட்டு சாருக்கு

1

ஊருக்கு வராமல் காட்டுக்கு ஏன் போனீர்கள் என்று போனில் கேட்ட என் நாத்தனாருக்கும், கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்ட மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்பப் போனில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

தெரியாதவர்களுக்காக: நான் சவுதியில் அல் கோபாரில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கணவர் ஆன்றோ, தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இருவருக்கும் ஊர் கன்னியாகுமரி கடற்கரை. மகள் ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். இந்த வருடம் எங்கள் கல்யாணத்துக்குப் பதினைந்தாவது வருடம்.

லீவுக்கு ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். வந்த அன்றைக்கே பெட்டியைத் திறக்க வேண்டும். யாருக்கு எந்த சென்ட், யாருக்கு எந்த சோப்பு என்று பங்கு போட்டு முடிப்பதற்குள் முதல் சண்டை வந்துவிடும். அடுத்த சண்டை, யார் வீட்டுக்கு முதலில் போனோம் என்பதற்கு. ஷெரினை நடுவில் நிறுத்தி "தமிழ்ல பேசு பாப்போம்" என்பீர்கள். அவள் பேசினால் சிரிப்பீர்கள். அவள் வாயை மூடிக்கொண்டால் "இங்கிலீசுக்காரி" என்பீர்கள். ஆன்றோவை ஞானஸ்நானத்துக்கு ஒரு வீட்டிலும், கல்யாண நிச்சயத்துக்கு ஒரு வீட்டிலும், மதில் கட்டும் தகராறுக்கு ஒரு வீட்டிலும் பிடித்துவைப்பீர்கள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்ட ஞாபகம் எனக்கு இல்லை. அதற்குப் பெயர் லீவு.

இந்த வருடம் முடியாது என்று சொன்னேன். அவ்வளவுதான்.

2

ஏன் ஆப்பிரிக்கா என்றால், அதற்குக் காரணம் ஷெரின்.

அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடற்கரைச் சாலையில் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை வண்டி. அதன் பின் சீட்டில் கழுத்தில் பட்டையும் சங்கிலியுமாக ஒரு சிவிங்கிப்புலி உட்கார்ந்திருந்தது. சிறுத்தை என்று நான் சொன்னால் மகள் இப்போதும் திருத்துவாள். சிறுத்தை வேறு, சீட்டா வேறு. இங்கே பணக்காரர்கள் சிலர் அதை வீட்டில் வளர்த்தார்கள். இப்போது சட்டப்படி தடை. அன்றைக்கு எங்கள் கண் முன்னால் அது ஏசி காற்றில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

ஷெரின் கேட்டாள், "அது ஏன் ஓடல?"

சிக்னல் விழுந்து அந்த வண்டி போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஏழு வருடம் இருந்தது. சிவிங்கிப்புலியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எப்படி மூச்சு விடும், எவ்வளவு தூரம் ஓடினால் களைத்துப் போகும், ஏன் அதற்குச் சிங்கம் போலக் கர்ஜிக்க வராது, எல்லாம் சொல்லுவாள். அது ஓடி நேரில் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பாள்? பிளாட், பள்ளி பஸ், பள்ளி, மறுபடி பஸ், மறுபடி பிளாட். வாரம் ஒரு நாள் மால். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு வெளி என்றால் கார் பார்க்கிங்தான். பத்து வயதுக்கு மேல் எங்களோடு பேசுவதும் குறைந்துவிட்டது. கேட்டால் ஓகே, ஃபைன், நத்திங். மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்துகிறாள்.

சீட்டா என்று சொன்னால் மட்டும் வாய் திறக்கும். அதனால் கென்யா.

3

போக முடிவெடுப்பது சுலபம். காகிதம் சுலபமில்லை. சவுதியை விட்டு வெளியே போய்த் திரும்பி வர எக்ஸிட் ரீ-என்ட்ரி வேண்டும். கென்யாவுக்கு அனுமதி வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஊசி போடும் எனக்கு அந்த ஒரு ஊசியைப் போட்டுக்கொள்ள, எங்கே போடுவார்கள் என்று கேட்டு மூன்று இடம் அலைய வேண்டியிருந்தது. ஒரு கவுண்டரில் "பாஸ்போர்ட் காப்பி மாஃபி" என்று, அதாவது காப்பி இல்லை என்று, திருப்பி அனுப்பினான். காப்பியோடு போனால் சிஸ்டம் மாஃபி. எனக்குத் தெரிந்த அரபியில் பாதியை அங்கேயே சத்தமாகச் சொல்லி முடித்தேன். மறுநாள் சிஸ்டம் வந்துவிட்டது.

ஆனால் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆன்றோவின் லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவருடைய மேனேஜர் குணசேகர். சென்னைக்காரர். ஆன்றோவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரமும் அதுதான். அதிலும் அவர்தான் கையெழுத்து. ஷெரினின் இக்காமா, அதாவது இங்கே தங்கும் அனுமதி, ஆன்றோவின் பெயரில் இருக்கிறது. அவர் வேலை போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் சேர்ந்து போகும்.

"எங்க போறன்னு கேட்டார். ஊருக்குன்னு சொல்லிட்டேன்" என்று வந்து நின்றார் ஆன்றோ.

"ஏன் பொய் சொன்னிய?"

"ஆப்பிரிக்கான்னு சொன்னா, ஓஹோ இவனுக்கு அவ்வளவு வசதியான்னு நினைப்பாரு. அடுத்த இன்கிரிமென்ட்டுல மண்ணுதான்."

"நாம சம்பாதிச்ச காசுல நாம போறதுக்கு அந்தாளுக்கு என்ன?"

"ஏட்டி, உனக்குத் தெரியாது. சும்மா கெட."

எனக்குத் தெரியும். வளைகுடாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். புது கார் வாங்கினால் ஆபீஸ் வாசலில் நிறுத்த மாட்டார்கள், இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார்கள். நல்ல சட்டை போட்டால் "தள்ளுபடியில் எடுத்தது சார்" என்பார்கள். சந்தோஷத்தைத் திருட்டுச் சாமான் போல ஒளித்து வைப்பது இங்கே ஒரு பழக்கம். மேலே இருப்பவர் கண்ணில் படக்கூடாது. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

4

நைரோபியில் ஹோட்டல் வாசலில் காலையில் பெட்டிகளோடு நின்றோம். எங்களுக்குத் தனி வண்டி என்று ஏஜென்ட் சத்தியம் செய்திருந்தான். வந்தது எல்லோருக்கும் சேர்த்து ஒரே வண்டிதான். ஈத் கூட்டம், வண்டி கிடைக்கவில்லை, இன்னொரு இந்தியக் குடும்பமும் சேர்ந்து வருவார்கள், நல்லவர்கள் என்றான் போனில்.

அந்த நல்லவர்கள் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார்கள். குணசேகரும் அவர் மனைவி மாலாவும்.

ஆன்றோவின் முகத்தை நான் மருத்துவமனையில் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். பிரஷர் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்.

"ஆன்றோ? நீ எங்கப்பா இங்க? ஊருக்குப் போறேன்னு சொன்ன?"

"சார்... இல்ல சார்... ஊருக்கும் போகணும் சார்."

"ஊருக்கு கென்யா வழியா ரூட்டு போட்டாங்களா?" என்று சிரித்தார் குணசேகர். சிரித்துக்கொண்டே ஆன்றோவின் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் எல்லாம் இருந்தது. உன் பொய் என் பையில் இருக்கிறது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஆன்றோ செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. யாரும் கேட்கவில்லை. அவராகவே போய்க் குணசேகரின் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். அவராகவே கதவைத் திறந்து, "சார், நீங்க முன்னாடி இரிங்க சார்" என்றார்.

சைட்டுக்குப் போகும் பிக்கப்பில் இப்படித்தான். மேனேஜர் முன் சீட்டு. சூப்பர்வைசர் பின் சீட்டு. ஹெல்ப்பர்கள் அதற்கும் பின்னால். அந்த வரிசையை அப்படியே சுருட்டி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து விரித்துவிட்டார் என் வீட்டுக்காரர். சஃபாரி வண்டியின் கூரையை மேலே தூக்கி நிறுத்தலாம். எழுந்து நின்று தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாம். முன் வரிசையில் நிற்பவருக்குக் காடு முழுவதும் தெரியும். பின் வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும். நாங்கள் பின் வரிசை.

டிரைவர் டேனியல் கென்யாக்காரர், அமைதியான மனிதர். எங்களை ஒரு பார்வை பார்த்தார். யார் சொன்னால் இந்த வண்டி நிற்கும், யார் சொன்னால் போகும் என்பது அவருக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

5

மசாய் மாராவில் முதல் இரண்டு நாள் நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

யானைகள். ஒரு தாய் யானை சாலையின் நடுவில் வந்து நின்று எங்கள் வண்டியைப் பார்த்துக் காதை விரித்தது. டேனியல் இன்ஜினை அணைத்தார். அது ஒரு காலடி முன்னால் வைத்தது. அதன் பின்னால் மூன்று குட்டிகள் சாலையைக் கடந்தன. கடைசிக் குட்டி கடந்த பிறகுதான் அது காதை மடக்கியது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு யாரையும் தொடவில்லை. நின்றது, வழி விடச் செய்தது, போனது. எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

சிங்கங்கள் ஒரு மரத்தடியில் மல்லாந்து கிடந்தன. நைட் டியூட்டி முடித்து வந்த வார்டு பாய்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று காலைப் போட்டுத் தூங்கின. ஒட்டகச்சிவிங்கிகள் வரிசையாக நடந்து போயின, எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாதவர்கள் போல. சாப்பிட நிறுத்திய இடத்தில் ஒரு குரங்கு திறந்த கூரை வழியாக உள்ளே இறங்கி, நான் கோபாரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸைப் பாக்கெட்டோடு தூக்கிக்கொண்டு போனது. மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றது. எங்கள் ஊர் நேந்திரன் சிப்ஸை அவ்வளவு மரியாதையாகத் யாரும் தின்று நான் பார்த்ததில்லை. ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மற்ற எல்லாவற்றையும் அவள் குணசேகரின் அக்குள் வழியாகத்தான் பார்த்தாள். அந்த மனிதர் ஒரு டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிங்கத்தைப் படம் எடுத்த கையோடு, "லயன் ஓகே. நெக்ஸ்ட்?" என்பார். யானை ஓகே. எருமை ஓகே. சைட் இன்ஸ்பெக்‌ஷனில் வால்வு பார்ப்பது போல ஆப்பிரிக்காவைப் பார்த்தார். நடுவில் ஸ்பீக்கரைப் போட்டு ஆபீஸ் போன் வேறு. வண்டி கிளம்ப வேண்டும் என்றால் டேனியலின் தோளில் தட்டி "யல்லா யல்லா" என்பார். அந்த மனிதருக்கு அரபியும் தெரியாது, அதைத் தவிர.

"பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க" என்று ஆன்றோவிடம் சொன்னேன்.

"இன்னும் ஒரு நாள்தானே. சமாளி."

"நான் சொல்லட்டா?"

"நீ வாய் திறந்தா கான்ட்ராக்ட் போச்சு. உன் கால்ல விழுதேன்."

பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

6

கடைசி நாள் காலை. வெயில் ஏறியிருந்தது. டேனியல் வண்டியை மெதுவாக்கி நிறுத்தி, ஒரு கரையான் புற்றைக் காட்டினார். அதன் மேல் சிவிங்கிப்புலி உட்கார்ந்திருந்தது.

தூரத்தில் சின்ன மான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. டேனியல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வயிற்றைப் பாருங்கள், ஒட்டிக் கிடக்கிறது. புல்லுக்குள் குட்டிகள் இருக்கின்றன. இது இன்றைக்கு வேட்டைக்குப் போகும். ஆனால் நேரமாகும். சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும்.

ஷெரின் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். குதிகாலைத் தூக்கி நின்றாள். முன்னால் டேப்லெட். இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

குணசேகர் பத்துப் படம் எடுத்தார். "சீட்டா ஓகே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். அது உட்கார்ந்தே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். பிறகு டேனியலின் தோளில் தட்டினார். "யல்லா. ஹிப்போ பாக்கணும். லஞ்சுக்கு முன்னாடி ஆத்துக்குப் போயிடலாம்."

டேனியல் திரும்பினார். "எல்லாருக்கும் சம்மதம் என்றால் போகலாம்" என்றார்.

"எல்லாருக்கும் ஓகேதான். என்ன ஆன்றோ? போலாம்ல?"

நான் எழுந்தேன். ஆன்றோ என் கையைப் பிடித்து அழுத்தினார். வழக்கமான அழுத்தம், பேசாதே என்று. நான் மகளைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். ஹெட்ஃபோனை எடுக்கப் பைக்குள் கையை விட்டிருந்தாள். அப்பா என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். ஓகே சார் என்பார். கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆன்றோவும் அதைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார்.

"என்னது?"

"போகல சார். இங்கதான் இருக்கப் போறோம்."

குணசேகருக்கு முதலில் புரியவேயில்லை. டேப்லெட்டை இறக்கினார். "ஹிப்போ பாக்க வேணாமா?"

"வேண்டாம். பிள்ள ஏழு வருசமா இதைப் பாக்கணும்னு இருக்கா. அது ஓடுற வரைக்கும் வண்டி நகராது."

"ஆன்றோ, நீ யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? ஊருக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டு வந்தவன் நீ. நான் எதுவும் கேக்கல. கேக்கணுமா?"

வந்துவிட்டது. பையில் வைத்திருந்ததை எடுத்துவிட்டார். ஆன்றோ என் கையை விட்டார்.

"ஆமா சார், பொய்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை டியூட்டிக்கு வாறேன், அங்க வச்சுக் கேளுங்க. என்ன வேணாலும் எழுதுங்க. இப்ப சத்தம் போடாதீங்க, அது ஓடிப்போயிரும். அப்புறம், அந்த முன்னாடி இடம் பிள்ளைக்கு வேணும். கொஞ்சம் தள்ளுங்க."

குணசேகர் வாயைத் திறந்தார். அப்போது மாலா பேசினார். இரண்டு நாளில் அவர் குரலை நான் கேட்டதே குறைவு.

"தள்ளுங்களேன். எனக்கும் ரெண்டு நாளா உங்க முதுகுதான் தெரியுது."

டேப்லெட்டோடு ஓரத்துக்குத் தள்ளினார். வேறு என்ன செய்வார்?

ஆன்றோ மகளின் தோளைத் தொட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது, முயற்சி செய்யவும் போவதில்லை. முன் வரிசைக்குப் போனாள். உயரம் போதவில்லை. ஆன்றோ ஒரு காலை மடக்கி முட்டியைக் கொடுத்தார். அதில் ஏறி நின்றாள்.

காத்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா, தெரியாது. சிவிங்கிப்புலி புற்றிலிருந்து இறங்கியது. தலையைத் தாழ்த்திக்கொண்டு புல்லுக்குள் நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. ஒரு மான் தலையைத் தூக்கியது.

அப்போது ஓடியது.

என் அப்பா மீன் பிடித்தவர். நெய்மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைச் சின்ன வயதில் வள்ளத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இந்த வேகத்தை நான் எங்கும் பார்க்கவில்லை. காலே தெரியவில்லை. முதுகு வில்லாக வளைந்து விரிந்தது. மான் ஒடித்துத் திரும்பியது, அதுவும் வாலை வீசித் திரும்பியது. எங்கள் வண்டிக்குப் பக்கத்தில், கூழாங்கல் தெறித்துக் கதவில் பட்டது, அவ்வளவு பக்கத்தில் கடந்து போனது. தூசி எழுந்தது. தூசி அடங்கியபோது மான் அதன் வாயில் இருந்தது. மானைக் கீழே போட்டுவிட்டு, சிவிங்கிப்புலி மூச்சு வாங்கியபடி நின்று ஒரு சத்தம் கொடுத்தது. குருவி மாதிரி ஒரு சத்தம். புல்லுக்குள்ளிருந்து மூன்று குட்டிகள் ஓடி வந்தன.

பார்த்துக்கொண்டிருந்த நான் அழுதேன். மானுக்காக இல்லை. ஆன்றோவின் முட்டி மேல் நின்ற என் மகள் இரண்டு கையையும் மேலே தூக்கி, ஒரு சத்தமும் வராமல் வாயை மட்டும் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டால் குட்டிகள் பயந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

டேனியல் திரும்பி ஆன்றோவுக்குக் கை கொடுத்தார். அதுவரை அவர் எங்களில் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

7

கான்ட்ராக்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் கையெழுத்தாகிவிட்டது. தொழிற்சாலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை வருகிறது, ஆன்றோ இல்லாமல் அந்த மனிதருக்கு அங்கே ஒன்றும் ஓடாது. இத்தனை வருடம் பயந்ததற்கு இவ்வளவுதான் கணக்கு. ஆனால் அது தெரியாத நாளில், ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அன்று காலை ஆன்றோ ஒன்றும் சாப்பிடாமல் போனார். நான் கிளினிக்கில் கை ஓடாமல் நின்றேன். மாலையில் வந்தார். சட்டையைக் கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்தார். ஷெரின் அவள் அறையிலிருந்து தானாகவே எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னப்பா ஆச்சு? கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல. காலைல மீட்டிங்ல எல்லாரையும் நிறுத்தி டேப்லெட்டைக் காட்டுதாரு. சீட்டா வேட்டை வீடியோ. எல்லாரும் வாய் பொளந்து பாக்கானுங்க. அந்தாளு சொல்லுதாரு, 'டிரைவர் கிளம்பலாம்னு சொன்னான், நான்தான் பொறுமையா வெயிட் பண்ணலாம்னு நிறுத்தி வச்சேன்'னு."

"ஐயோ! நீங்க என்ன சொன்னிய?" என்றேன் நான்.

"நான் சொன்னேன், 'இல்ல சார், நீங்க ஹிப்போ பாக்கணும்னு சொன்னீங்க சார்'னு."

ஷெரின் மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். "எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். அந்தப் பாகிஸ்தானி ஃபோர்மேன் சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிப் போச்சு."

"அவர் முகம் எப்படி இருந்துச்சு? செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மறுபடி சொல்லுங்கப்பா. முதல்ல இருந்து."

என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, முதலில் இருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்.